செல்விக்கு நான் சொன்ன கேள்விகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பள்ளியில் ஆங்கில வாய்மொழித் தேர்வு நடந்தது. முடித்து வருபவர், கேட்ட கேள்விகளை அடுத்தவருக்குச் சொல்வது வழக்கம். முதலில் நான், அடுத்து மீனவர் குடியிருப்பான குருசுக்குப்பத்துச் செல்வி, கணக்கில் என்னை முந்துபவள்.

"இன்னாடி கேட்டாங்க? ஃபெயிலானா அம்மா இறால் உரிக்க அனுப்பிடும்டி."

என்னிடம் கேட்டவை: வீடு, அப்பா, கடல். நான் சொன்னவை: ரயில், மழை, தாஜ்மகால். அவற்றுக்கே பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். தேர்வு நடத்திய டீச்சர்கள் சிரித்தது வெளியே கேட்டது. அழுதபடி வீட்டுக்கு ஓடியவள் பள்ளிக்குத் திரும்பவில்லை.

பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போன பிறகு, மீன் மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். விரல்கள் வெடித்திருந்தன. பக்கத்துக் கடைக்காரியிடம் என்னைக் காட்டிச் சிரித்தாள்.

"இவ நல்லாதான்க்கா சொல்லிக் குடுத்தா. அந்த டீச்சரம்மாதான் எனக்கு மட்டும் மாத்திக் கேட்டுடிச்சி."

பொய் சொன்னபோது எனக்குப் பதினைந்து வயது. அங்கே பேசாமல் நின்றபோது இருபத்திரண்டு.