செவ்வாய்க்கிழமைக் கோயில்

தங்கை மொட்டைத் தலையோடு வந்து நின்ற அன்றுகூடத் தங்கபுஷ்பத்துக்கு இரக்கம் வரவில்லை. பொறாமைதான் வந்தது.

“எனக்கு டைபாய்டு வந்தப்போ எந்தச் சாமிக்காவது நேந்தியாம்மா? இவ லேசா இருமினா ஒடனே முடி இறக்கணுமாக்கும்!”

சுப்பம்மா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அம்மா அழுதாளா, புகையா என்று பார்க்கப் புஷ்பத்துக்குத் தோன்றவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்தவர் பொன்ராஜ். வீடு மேற்கு மாம்பலத்தில். இரண்டு பெண்கள். மூத்தவள் புஷ்பத்தைப் பாத்திரக்கடைக்காரர் மகன் கணேசமூர்த்திக்குப் பேசி, எழுபத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில் வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார்கள். கல்யாணம் ஐப்பசியில். இளையவள் சண்முகவடிவு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பங்குனியில் அவளுக்கு இடது அக்குளுக்குக் கீழே, விலா எலும்பின்மேல் ஒரு வீக்கம் வந்தது. பாண்டி ஆடி விழுந்த அடி என்று எண்ணெய் தேய்த்தார்கள். வீக்கம் வற்றவில்லை. மூச்சை இழுத்தால் வலித்தது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், அடையாறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நெஞ்சுக்கூட்டின் சுவரிலேயே முளைக்கிற புற்று. குழந்தைகளுக்கும் இளவயதுக்காரர்களுக்கும் எப்போதாவது, எங்கோ ஒருவருக்கு வருவது. அந்த எங்கோ ஒருத்தி, பொன்ராஜின் செல்ல மகளாக இருந்துவிட்டாள்!

அந்த நாளில் ‘அடையாறு போகிறார்கள்’ என்று காதில் விழுந்தாலே போதும். அந்த வீட்டில் பெண் எடுக்க ஆள் வராது. ஒட்டுகிற நோய் என்பார்கள், வம்சத்தில் ஓடுகிற நோய் என்பார்கள். மூத்தவள் கல்யாணம் நின்றுவிடுமே என்று நடுங்கினார் பொன்ராஜ். அதனால் ஒரு பொய். செவ்வாய்க்கிழமைதோறும் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலுக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டு, திருவான்மியூர் பஸ்ஸிலேயே ஏறி, நடுவில் அடையாறில் இறங்கினார்கள். ஊசி மருந்தில் முடி கொட்டப்போகிறது என்று தெரிந்ததும், முந்திக்கொண்டு மொட்டையடித்து அதையும் வேண்டுதலில் சேர்த்தார்கள். புஷ்பத்திடமும் மறைத்தார்கள். அவள் வாயில் எதுவும் நிற்காது என்பது பெற்றவளுக்குத் தெரியாதா?

இது ஒன்றும் அறியாத புஷ்பம் வெந்தாள். ஆப்பிள் தங்கைக்கு, ஹார்லிக்ஸ் தங்கைக்கு. கல்யாணப் பெண் நான் இங்கே பாத்திரம் தேய்க்க, கடற்கரைக் காற்று அவளுக்கா?

ஒருநாள் காலை அப்பாவுக்குப் பலகாரம் கொடுக்கக் கடைக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். முதல் வியாபாரம் ஆகும்முன் அந்தக் கடையிலிருந்து ஒரு நூல்கூட இனாமாக வெளியே போகாது. சின்ன வயதில் அவள் ஒரு ரிப்பனுக்கு அழுதபோது, “போணி ஆகட்டும்ட்டி” என்று கண்ணீரோடு காக்கவைத்த மனிதர், இன்று போணி ஆகாத கடையில் மெல்லிய ‘வாயில்’ ரகத் துணியை அளந்து கிழித்துக்கொண்டிருந்தார்.

“யாருக்குப்பா?”

“வடிவுக்கு. லூசா ரெண்டு சட்டை தைக்கணும்.”

“இன்னும் போணியே ஆகலையே?”

“அது கெடக்கட்டும்ட்டி.”

அந்தக் ‘கெடக்கட்டும்’ அவள் நெஞ்சில் ஊசியாக இறங்கியது.

அடுத்த செவ்வாய், அவர்கள் கிளம்பிய பின் இவளும் பஸ் ஏறினாள். மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருப்பார்கள். கையும் களவுமாகப் பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கோயிலில் தேடினாள். இல்லை. கடற்கரையில் தேடினாள். இல்லை. எரிச்சலோடு பஸ்ஸில் திரும்பி வரும்போது, அடையாறு நிறுத்தத்தில் அப்பா அந்த பஸ்ஸில் ஏறினார். தோளில் வடிவு, துண்டில் சுற்றிய மூட்டை மாதிரி. பின்னால் அம்மா.

“இன்னா நைனா, கொயந்தைய தூக்கிக்கினு நின்னுக்கினே கீறே? யம்மா, நீதான் கொஞ்சம் எடம் குடேன்!” என்றார் கண்டக்டர், புஷ்பத்தைப் பார்த்து.

புஷ்பம் நிமிர்ந்தாள். பொன்ராஜின் முகம் வெளுத்தது. வடிவை அவள் மடியிலேயே சாய்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி இரண்டு வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொன்னார். “ஒங்க மாமியா வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னுதாம்மா… ஒனக்காகத்தாம்மா.”

வடிவு கண் திறந்தாள். அக்காவின் நெற்றி விபூதியையே பார்த்தாள்.

“நீ கோயிலுக்குள்ள போனியாக்கா?”

“ம்.”

“கடலப் பாத்தியா?”

“பாத்தேன்ட்டி.”

“கொடுத்து வச்சவ. நாங்க ஒரு நாளும் அம்புட்டுத் தூரம் போனதில்ல. வீட்டுக்குக் கொண்டு வர்ற விபூதிகூட நம்ம கடைச் சாமி படத்துல எடுக்கதுதான்.” வடிவு உதட்டைப் பிதுக்கினாள். “கோயிலும் ஒனக்கு, மாப்பிள்ளையும் ஒனக்கு. எனக்கு என்ன இருக்கு?”

இத்தனை நாள் தன் நெஞ்சில் எரிந்த அதே தீயைத் தங்கையின் கண்ணில் பார்த்த புஷ்பம், பஸ் என்றும் பாராமல் விம்மினாள்.

ஆவணியில் கணேசமூர்த்தியின் அம்மா, முகூர்த்த ரவிக்கைக்கு அளவு வாங்க வந்தாள். விருந்தாளி வந்தால் செய்வது போல வடிவைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

“சின்னவள எங்க மதினி, கண்ணுலயே காணோம்? திருவான்மியூர்லயே குடியேறிட்டாளா?” என்று அந்த அம்மாள் சிரித்தாள்.

கதவுக்குப் பின்னால் இருமல் கேட்டது. “சளி புடிச்சிருக்கு…” என்று சுப்பம்மா இழுத்தாள். புஷ்பம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கழுத்தில் தாலி ஏறிவிடும். அவள் எழுந்தாள். பின்னறைக் கதவைத் திறந்து, தங்கையைக் கைத்தாங்கலாக நடத்தி வந்து, மாமியாராகப் போகிறவளின் எதிரிலேயே உட்கார வைத்தாள்.

“கோயில் இல்ல அத்த. அடையாறு ஆஸ்பத்திரி. விலா எலும்புல கட்டி. இவ ஒளிஞ்சு கெடந்து எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம்.”

“படுபாவி!” என்று சுப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வந்தவள் போன பிறகு, அவள் தொடாத காப்பி ஆடை படிந்து கிடந்தது. அந்த மாதமே கணேசமூர்த்திக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள்.

கல்யாணம் நடந்திருக்க வேண்டிய ஐப்பசியில் தீபாவளி வந்தது. அதுதான் வடிவின் கடைசித் தீபாவளி. முகூர்த்த ரவிக்கைக்கென்று எடுத்து வைத்திருந்த அரக்குப் பட்டுத் துணியை, இடது பக்கம் தாராளமாகத் துணி விட்டு, வீங்கிய விலாவை உறுத்தாதபடி புஷ்பமே சட்டையாகத் தைத்தாள். வடிவு அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நின்றாள்.

“எப்படி இருக்குக்கா?”

புஷ்பம் நெடுநேரம் பார்த்தாள். மொட்டைத் தலையில் பூனை மயிர் போல முடி துளிர்த்திருந்தது.

“எனக்கு இவ்வளவு எடுப்பா இருந்திருக்காது. பொறாமையா இருக்குட்டி.”

“படு, நல்லாப் பொறாமப்படு!” என்று வடிவு கைகொட்டிச் சிரித்தாள்.