மேல்மாடிக்காரியின் வைத்தியம்

வேலையிலிருந்து வந்ததும் அவள் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குள் போய், முதல் டம்ளரை அண்ணாந்து குடிப்பாள். அது பார்லி வேகவைத்த தண்ணீர். அடுத்தது கொத்தமல்லி விதையைக் கொதிக்கவைத்து வடிகட்டியது. அதற்கப்புறம் வெள்ளரிக்காய்ச் சாறு. கடைசியாக, கடையில் சீசாவில் விற்கும் ஏதோ ஒரு சிவப்புப் பழச்சாறு. வாயில் வைத்தாலே பல் கூசும். பகல் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டியதைச் சாயங்காலம் நின்ற நிலையில் தீர்த்துவிட்டு, "அப்பாடா, இன்னிக்குப் பாடு முடிஞ்சுது" என்று சுவரில் சாய்ந்துகொள்வாள். நீர்க்கடுப்புக்கு இப்படி மொத்த வியாபாரமாக வைத்தியம் பார்க்கிற ஆள் ஊரில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

பகலில் ஏன் குடிப்பதில்லை என்று கேட்கிறீர்களா? அவள் பார்ப்பது கிரேன் ஓட்டும் வேலை. அடுக்குமாடி எழும்பும் இடத்தில், எட்டாத உயரத்தில், ஆள் உட்கார மட்டும் இடமுள்ள கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏணி பிடித்து ஏறினால் வேலை முடியும்வரை அங்கேயேதான். சாப்பாடும் மடியில் வைத்துத்தான். ஆண்கள் என்றால் ஒரு காலி பாட்டிலில் காரியத்தை முடித்துக்கொள்வார்கள். இவள் இறங்கி ஏறுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதுவரை கீழே அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், ஏன் நிற்கிறோம் என்று தெரிந்தே நிற்பார்கள். "அந்த அசிங்கத்துக்கு வாயைக் கட்டிக்கிட்டு உக்காரலாம்" என்பாள்.

கூண்டில் துணைக்கு ஒரு வாக்கி டாக்கி. எதைத் தூக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று கீழே நின்று சொல்பவரை எல்லோரும் கொடிக்காரர் என்பார்கள். தலை நரைத்த மனிதர். இவளுக்கு 'மேல்மாடி' என்று பட்டம் கட்டியதும் அவர்தான். "மேல்மாடி, கொஞ்சம் இடது பக்கம்... இன்னும்... போதும், போதும்." பகலில் அவளோடு யாராவது பேசுகிறார்கள் என்றால் இவ்வளவுதான். சொந்தக் கதை எதையும் அதில் பேச முடியாது. ஒருவர் பேசினால் வேலையிடத்தில் எல்லோருடைய இடுப்பிலும் தொங்கும் வாக்கி டாக்கியில் அது கேட்கும்.

வீட்டில் அந்தக் குரலும் கிடையாது. கணவன் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன, பிள்ளையில்லை. கூடப்பிறந்த அக்கா ஒருத்தி வேறு ஊரில் பேரப்பிள்ளைகளோடு அல்லாடிக்கொண்டிருக்கிறாள். தங்கை நன்றாக இருக்கிற நாளில் அவள் கூப்பிட மாட்டாள். நேரம் எங்கே இருக்கிறது? ஆனால் தங்கைக்கு மறுபடியும் எரிகிறது என்று காதில் விழுந்துவிட்டால் போதும், தினமும் போன் வரும். "ஏன்டி, பார்லி குடிச்சியா? அதுல உப்பை அள்ளிப் போட்டுத் தொலைச்சியா?" யாரோ சொன்னது, எங்கேயோ படித்தது என்று புதுப்புது வைத்தியமாக வரும். அப்படியே பேரனுக்குப் பல் விழுந்தது, மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது என்று பேச்சு நீளும். கேட்டுக் கேட்டு இவள் சிரிப்பாள். அக்கா சொன்ன ஒவ்வொன்றையும் மறுநாளே வாங்கி வந்துவிடுவாள்.

இந்த முறை எதுவும் பலிக்கவில்லை. கூண்டில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, இவளுக்குக் குளிரில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. முதுகில் ஒரு பக்கம் பிடுங்கி எடுத்தது. சிறுநீரைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "கிருமி சிறுநீரகம் வரைக்கும் போயிருக்கு. மாத்திரையைப் பாதியில நிறுத்தக் கூடாது. பார்லி குடிங்க, வேணாங்கல. ஆனா பகல் பூரா அடக்கிட்டு, வீட்டுக்கு வந்து குடம் குடமா குடிச்சா எந்தத் தண்ணியும் காப்பாத்தாது. பகல்ல குடிங்க, வந்தா போங்க."

வேலைக்குத் திரும்பிய அன்று கூண்டிலேயே தண்ணீர் குடித்தாள். உள்ளே போன தண்ணீர் சும்மா இருக்குமா? வாக்கி டாக்கியின் பொத்தானில் விரலை வைப்பதும் எடுப்பதுமாகத் தவித்தாள். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அண்ணே, அடுத்த கம்பியை மாட்டாதீங்க. நான் பாத்ரூம் போகணும், இறங்கறேன்" என்றாள். எல்லோருக்கும் கேட்டது. சிரிக்கப் போகிறார்கள் என்று உடம்பு கூசிக் காத்திருந்தாள்.

"சரிம்மா. ஏணி வழுக்கும், பார்த்து வா" என்றார் கொடிக்காரர்.

அட, இதற்காகவா இத்தனை வருஷம் செத்துப் பிழைத்தோம் என்று இறங்க இறங்க அவளுக்கு அழுகை வந்தது.

மாத்திரையை முழுசாக முடித்தாள். எரிச்சல் போன இடம் தெரியவில்லை. "சரியாயிடுச்சுக்கா" என்று சொன்னதும், "வயித்துல பாலை வார்த்தடி" என்று அக்கா போனை வைத்தாள். மறுநாள் போன் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. தனியாக இருப்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் உடம்பு இவ்வளவு நன்றாக இருக்கும்போது அது இப்படி வாட்டும் என்று அவள் நினைக்கவில்லை.

நேற்று அவளே கூப்பிட்டாள். அந்தப் பக்கம் பிள்ளைகளின் கூச்சல்.

"என்னடி? சீக்கிரம் சொல்லு, அடுப்புல வேலை கிடக்கு. நல்லாத்தானே இருக்க?"

"நல்லா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "இல்லக்கா. மறுபடியும் லேசா எரியுது."

"ஐயையோ! இரு, அடுப்பை அணைச்சிட்டு வரேன். வச்சிராதே!"

அவள் எழுந்து போய், சத்தம் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.