ஏரோதின் பட்டாளத்துக்கு ஒரு ஜே

ஏரோது ராஜா கொன்ற குழந்தைகளில் ஒன்று என் மடியில்தான் இருந்தது. இலவம்பஞ்சுத் தலையணை. பட்டாளத்துக்குப் போயிருந்த அண்ணனுடையது. மூன்றாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பகையாகிவிட்டாலும், மாதா கோயில் நாடகத்தில், பாலன் இயேசுவைத் தேடிய ஏரோதிடம் பிள்ளையைப் பறிகொடுக்கும் பெத்லகேம் தாயாக உட்கார்ந்து அழ அந்தப் படிப்பு போதும்.

அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்லையில் சண்டை. டீக்கடை ரேடியோவில் செய்தி முடிந்ததும் யாராவது "நம்ம நாட்டுக்கு" என்பார்கள். ஊரே "ஜே" என்னும். நானும் கத்துவேன். எனக்கென்ன, முறுக்கு கொடுத்தாலும் ஜேதான்.

வாய் திறக்காதவர் சித்தப்பா ஒருவர்தான். கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார்; வருசா வருசம் நாடகம் எழுதுவதும் அவரே. எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சோறு.

"ஏலே, என் மகன் அங்க நிக்கிறான். ஒரு ஜே போட்டா ஒனக்கு வாய் சுளுக்கிக்கிருமா?" என்பார் அப்பா.

"அவனுக்கு எதுத்தாப்புல நிக்கிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளதானண்ணே."

நாடகத்தன்று ஏரோதின் பட்டாளத்தான் வந்தான். அட்டைக்கத்தியை வைத்துக்கொண்டு அவன் பிடுங்கிய பிடுங்கலில் தலையணை கிழிந்து பஞ்சு பறந்தது. அம்மா தோலை உரிப்பாளே என்று நிஜமாகவே அலறினேன். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பட்டாளத்தான், சித்தப்பா எழுதிக் கொடுத்தபடி, கத்தியை உயர்த்தி "நம்ம நாட்டுக்கு" என்றான்.

"ஜே!" என்றது சனம். பழக்கதோசம்.

அப்புறம்தான் எல்லாரும் என் வெறும் மடியைப் பார்த்தார்கள். பஞ்சு மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

முதல் கல் விழுந்ததும் அப்பா திரைக்குப் பின்னால் போய்ச் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்தார். "என் மகன் பச்சப்பிள்ளயக் கொல்றவனாடா?"

"அவனச் சொல்லலண்ணே. ஜே போட்ட நம்மளச் சொன்னேன்."

"இனி என் வாசல மிதிக்காத."

பள்ளிக்கூட வேலையும் போயிற்று. நத்தத்தில் ஒரு புளி மண்டிக்குச் சாக்கு தைக்கப் போனார். கொன்றவன் பட்டாளத்தான், கத்தியது ஊர், வெளியே போனது சித்தப்பா. எனக்குக் கணக்கு எப்போதுமே வராது.

சண்டையில் ஜெயித்தோம். லீவில் வந்த அண்ணனுக்குத் திண்டுக்கல் ஸ்டேஷனிலேயே மாலை போட்டுக் கூட்டிவந்தார்கள். பின்கட்டில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. வாசலில் சனம் "நம்ம நாட்டுக்கு" என்று ஆரம்பித்ததுமே அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அப்பா தட்டித் தட்டிப் பார்த்தார். "சித்தப்பாவ வரச்சொல்லுங்க" என்று மட்டும் குரல் வந்தது.

நான் சன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தேன். தலையணையில் முகத்தைப் புதைத்து அண்ணன் குலுங்கிக்கொண்டிருந்தான். போச்சு, கிழிசலில் அம்மா போட்ட தையலைப் பார்த்துவிட்டான்!

"கிழிச்சது நானில்லண்ணே! பட்டாளத்தாந்தான் பிள்ளயக் கொன்னான்!" என்று கத்தினேன்.

உள்ளே அழுகை சட்டென்று நின்றுவிட்டது. சமாதானமாகிவிட்டான் என்று நினைத்து, நான் பிரியாணிக்கு ஓடினேன்.