வீட்டு நம்பர் போட்ட குருவிகள்

குஞ்சுகள் பறந்த பிறகு கொண்டைக்குருவிகள் எங்கே போகின்றன என்று பார்ப்பதுதான் எனக்குக் கிடைத்த வேலை. பெங்களூரிலிருந்து வந்த ஆராய்ச்சி மேடம் எங்கள் பக்கத்து ஊரிகம் பாறைகளில் வலை கட்டிப் பிடித்த குருவிகளின் முதுகில், மொச்சைக்கொட்டையைவிடச் சின்ன ரேடியோவைப் பொருத்தி விட்டிருந்தார். அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று வாலுக்குக் கீழே தொங்கும். பழைய டிவி ஆன்டெனா போன்ற ஒன்றைக் கையில் பிடித்துத் திருப்பினால், குருவி இருக்கும் பக்கம் கருவியில் சத்தம் பலமாகக் கேட்கும். பாட்டரி சில வாரம்தான் தாங்கும். அதற்குள் அவை போன இடமெல்லாம் எழுதியாக வேண்டும்.

குருவிகள் பாறையை விட்டு நேராக எங்கள் லைன் வீடுகளுக்கு வந்தன. கொய்யாவும் சிங்கப்பூர் செர்ரியும் இங்கேதான் பழுத்துக் கிடந்தன.

வேறு ஊராக இருந்தால் இதில் வம்பில்லை. எங்கள் லைன் வீடுகள் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்காக வரிசையாக ஒட்டிக் கட்டியவை. சுரங்கம் மூடியும் குடியிருப்பவர் பேருக்கு அவை வந்து சேரவில்லை. அளக்க வருகிறார்கள், காலி செய்யச் சொல்லப் போகிறார்கள் என்ற பேச்சு ஓய்ந்ததே இல்லை. டேப்போடு ஒருவன் தெருவில் நின்றால் பெண்கள் துடைப்பத்தோடு வெளியே வருவார்கள். இது தெரிந்தும் நான் வாசல் வாசலாக நின்று ஆன்டெனாவைத் திருப்பினேன்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நோட்டில் செய்தேன். இடத்தை மேடம் கொடுத்த போனில் குறிக்க வேண்டும். ஐந்தாவதோடு நின்ற எனக்கு அந்த இங்கிலீஷ் பிடிபடவில்லை. திரும்பக் கேட்கவும் கூச்சம். அதனால் எங்கள் வழக்கப்படி வீட்டு நம்பரை எழுதி, குருவி வரும் ஒவ்வொரு தடவைக்கும் பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். இங்கே விலாசம் என்றால் வீட்டு நம்பர்தான்.

ஒரு நாள் காலையில் என் மனைவி குழாயடியிலிருந்து காலிக் குடத்தோடு திரும்பினாள்.

"தண்ணி வரலியா?"

"வருது. எனக்குத்தான் இல்லியாம். ஊட்டக் காட்டிக் குடுத்தவன் பொண்டாட்டி கொழாகிட்ட வராதன்றாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்காரர் என் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கினார். தினமும் பெங்களூர் ரயிலில் வேலைக்குப் போகிறவர். ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பார். கூட்டத்துக்கு நடுவே சத்தமாகப் படித்தார்.

"பதினாலு, மூணு கோடு. பதினேழு, ரெண்டு. இருவத்திரெண்டு, அஞ்சு. இன்னாபா, என் ஊட்டுக்கு இன்னாத்துக்கு அஞ்சு கோடு?"

"குருவி," என்றேன்.

"குருவி இன்னா வாடகைக்கு வருதா, ஊட்டு நம்பர் எழுத?"

சிரித்தார்கள். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "இவன் ஊட்டுக்கு எத்தினி கோடு? பாருய்யா."

பார்த்தார். என் வீட்டுக்கு ஒன்றுகூட இல்லை. என் வீட்டில் மரமே கிடையாது.

"பாத்தியா! தன் ஊட்ட மட்டும் உட்டுட்டான்!"

மேடத்துக்குப் போன் செய்தேன். பாறைப் பக்கம் இருந்தவர் காரில் வந்து, கன்னடத்தில் பறவை, பறவை என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தார். வானத்திலிருந்து எடுத்த படம். எங்கள் கூரைகள் வரிசையாகத் தெரிந்தன. முன்பு அவரே வந்து குறித்த இடங்களில் எல்லாம் சிவப்புப் புள்ளி.

"ஐயையோ, போட்டாவே எடுத்துட்டாங்கடி!" என்று ஒருத்தி அலறினாள்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "வீட்டு நம்பர் எழுத உங்களுக்கு யார் சொன்னது?" அத்தனை பேர் முன்னால் கேட்டார். அந்த நிமிஷம் லைன்காரர்களைவிட அவர்மேல்தான் எனக்கு வெறுப்பு வந்தது.

"குருவியக் காட்டு," என்றார் எதிர்வீட்டுக்காரர். "இல்லன்னா இன்னிக்கே மூட்டையக் கட்டு."

ஆன்டெனாவைத் தூக்கினேன். சத்தம் அவர் வீட்டுப் பின்பக்கம்தான் பலமாக வந்தது. எல்லோரும் என்னோடு வந்தார்கள். கொய்யா மரத்தில் குருவி பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. வாலுக்குக் கீழே கம்பி தொங்கியது. பார்க்காதவர்களுக்கும் பார்த்தவர்கள் காட்டினார்கள்.

"குருவிதான்," என்றார் அவர். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "இன்னிக்கு குருவிய எண்ணுவான். நாளைக்கு நம்மள எண்ணுவான். கிழி."

மேடம் வேண்டாம் வேண்டாம் என்றார். அவர் சாயந்திரம் காரில் போய்விடுவார். நான் அங்கேதான் படுக்க வேண்டும். அத்தனை பக்கங்களையும் கிழித்துக் கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரர் மனைவி வாங்கிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் போட்டாள்.

மேடம் ஆன்டெனாவை வாங்கிக் காரில் வைத்தார். என்னோடு அதற்குப் பிறகு பேசவில்லை. அடுத்த ஞாயிறு எதிர்வீட்டுக்காரர் கொய்யாவை வெட்டினார். மரம் இருந்தால்தானே கோடு விழும். பதினாலாம் வீட்டிலும் செர்ரியைச் சாய்த்தார்கள். குருவிகள் அங்கிருந்து எங்கே போயின என்று எனக்குத் தெரியாது.

என் மனைவிக்குக் குழாயடியில் மறுபடி இடம் கிடைத்தது. எதிர்வீட்டோடு நான் இன்றுவரை பேசுவதில்லை. முன்பும் அதிகம் பேசியவன் அல்ல என்பதால், கோபமாக இருக்கிறேன் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை.