நடுக்கம் டீச்சரின் வெள்ளிக்கிழமைக் கடிதம்

எங்கள் பள்ளியின் இரண்டாம் வகுப்பு ஆசிரியைக்கு 'நடுக்கம் டீச்சர்' என்று பெயர் வைத்தது நான்தான். பக்கத்து அறையில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவள் சாக்பீஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுதியதைப் பார்த்தேன், பெயர் தானாக வந்துவிட்டது. இருபத்தோரு வருடமாக அந்தப் பெயரும் போகவில்லை, பயமும் போகவில்லை.

எதற்கெடுத்தாலும் பயம். படியில் இறங்குமுன் பிள்ளைகளை எண்ணுவாள், இறங்கியபின் எண்ணுவாள், கை கழுவும் இடத்தில் மறுபடியும் எண்ணுவாள். கத்தரிக்கோல் கொடுக்கும்போது இருபத்தெட்டு, திருப்பி வாங்கும்போது இருபத்தெட்டு. ஒன்று குறைந்தால் குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடுவாள். கடைசியில் அது அவள் கையிலேயே இருக்கும். தூரத்தில் நாய் தெரிந்தால் தெருவையே மாற்றிக்கொள்வாள். அவள் கணவர் தையல்காரர். "இவ மூணு தடவை அளந்து பார்த்தாத்தான் நான் கத்தரியையே எடுப்பேன். இதுவரைக்கும் ஒரு துணி வீணானதில்லை" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே வீட்டுச் சாவி பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பாசிரியர்கள் பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்ப வேண்டும். மேல் பாதியில் இந்த வாரம் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று இருக்கும், கீழ்ப் பாதியில் அடுத்த வாரம் என்னென்ன நடக்கப்போகிறது என்று. நானெல்லாம் 'கணக்கு: நான்காம் வாய்ப்பாடு' என்று எழுதிக் கையைக் கழுவிவிடுவேன். அவள் அப்படியில்லை. 'இந்த வாரம் கடிகாரம் பார்க்கப் பழகினோம். முதலில் சின்ன முள்ளைத்தான் பார்க்க வேண்டும் என்று உங்கள் பிள்ளை உங்களைத் திருத்தினால் தயவுசெய்து கோபப்படாதீர்கள்' என்று எழுதுவாள். செவ்வாய்க்கிழமை வண்ணக் காகிதம் வேண்டும் என்று அதில் இருந்தால் செவ்வாய்க்கிழமைதான் வேண்டியிருக்கும். பெற்றோர்கள் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, அதைப் பார்த்தே வாரத்தை ஓட்டினார்கள்.

எங்கள் எல்லோரையும்போல அவளும் போன வாரக் கடிதத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, அதன்மேலேயே புது வாரத்தை அடிப்பாள். மாறாத வரிகள் அப்படியே இருந்துவிடும். அதில்தான் ஆபத்து என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அச்செடுத்த தாளோடு என் அறைக்கு வந்து, வரிக்கு வரி விரல் வைத்து, தேதி கிழமையெல்லாம் சேர்த்து உரக்கப் படிப்பாள். "எழுதினவ கண்ணுக்குத் தப்பு தெரியாதுக்கா. நீங்க காது கொடுத்துக் கேளுங்க" என்பாள். கேட்டு முடித்ததும் மூலையில் நான் கையெழுத்துப் போடுவேன். இன்னொருவர் பார்க்காமல் எந்தக் கடிதமும் வெளியே போகக் கூடாது என்பது பெரிய டீச்சரின், அதாவது எங்கள் தலைமையாசிரியையின், உத்தரவு. கையெழுத்துப் போட்ட தாளை அவள் தன் ஃபைலில் வைத்துக்கொள்வாள். நகல்தான் வீடுகளுக்குப் போகும்.

அந்த வெள்ளிக்கிழமை என் செருப்பு வார் அறுந்திருந்தது. கடை மூடுமுன் போய்ப் புதிதாக வாங்க வேண்டும் என்று பறந்துகொண்டிருந்தேன். அவள் தாளோடு வந்து நின்று, "இந்த வாரம் வீட்டுக்கு வழி வரையப் பழகினோம்..." என்று ஆரம்பித்தாள்.

"உன் கடிதத்துல என்னிக்குடி தப்பு இருந்திருக்கு? கொடு இப்படி" என்று பிடுங்கினேன். படிக்கவில்லை. நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"அக்கா, தேதி மட்டுமாவது..."

"போடி, எனக்கு நேரமாச்சு."

போய்விட்டாள். நல்ல செருப்பாகக் கிடைத்தது.

அடுத்த வியாழக்கிழமை ஆசிரியர்களுக்குப் பயிற்சி. அதனால் பன்னிரண்டரைக்கே பள்ளி விடும் என்று எல்லா வகுப்புக் கடிதங்களிலும் எழுதச் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை அவள் தன் பிள்ளைகளிடம் வாயாலும் சொல்லியிருந்தாள். வியாழக்கிழமை மணி அடித்ததும் வாசலில் ஒரே கூட்டம், ஒரே கூச்சல். அது அடங்கி, நான் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தபோது அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. கையில் அந்தத் தாள்.

"வியாழக்கிழமை வரியை மாத்தலைக்கா."

வாங்கிப் பார்த்தேன். 'வியாழன்: பாட்டு வகுப்பு. வழக்கம்போல் மூன்றேகாலுக்கு வந்து அழைத்துச் செல்லவும்.' அதற்கு முந்தின வாரத்து வரி, அப்படியே உட்கார்ந்திருந்தது. மூலையில் என் கையெழுத்து, கொழுகொழுவென்று.

"அண்ணன் அக்கா இங்க படிக்கிற பிள்ளைங்களெல்லாம் அவங்களோட போயிடுச்சு. சில பேரோட அம்மா அப்பா ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. என் லிஸ்ட்ல பத்தொன்பது பேருக்கு டிக் போட்டிருக்கேன். மீதி ஒன்பது இருக்கணும். எட்டுதான் இருக்கு." குரல் கீச்சென்று போனது. "எட்டுதான்க்கா இருக்கு."

இல்லாதது இரட்டைப் பின்னல்காரி. ஏழு வயதுக்குச் சின்ன உடம்பு, வகுப்பிலேயே பெரிய புத்தகப்பை. அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர்; லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் போன் கிடைக்காது. அன்றைக்கும் கிடைக்கவில்லை. அம்மா வேலை செய்யும் துணி ஆலையில் போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். கழிவறை, பாட்டு அறை, மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று ஓடி ஓடிப் பார்த்தோம். தொட்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தேன், கடவுளே என்று கண்ணை மூடித் திறந்து.

வாட்ச்மேன் யோசித்துச் சொன்னார்: "குட்டியா ஒரு பொண்ணு அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களோட சேர்ந்து போச்சு. அக்காகூடப் போகுதுன்னு நினைச்சுட்டேன் டீச்சர்."

அவளுக்கு அக்கா கிடையாது.

நடுக்கம் டீச்சர் வகுப்புக்குள் ஓடினாள். பின்சுவரில் அந்த வாரம் பிள்ளைகள் வரைந்த 'என் வீட்டுக்கு வழி' படங்கள். மறுநாள் பெற்றோர் வந்து பார்ப்பதற்காக வரிசையாகக் குத்திவைத்திருந்தாள். நடு வரிசையில் ஒரு இடத்தில் நாலு குண்டூசி மட்டும் இருந்தது.

"படத்தை எடுத்துக்கிட்டு நடந்தே கிளம்பிட்டா" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

பள்ளிப் பதிவேட்டில் முகவரி பார்த்தேன். வாசலில் இடது பக்கம் திரும்பி இரண்டாவது தெருவில் வலது பக்கம். பத்து நிமிட நடை. மீதிப் பிள்ளைகளைப் பெரிய டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினோம். நான் இடது பக்கம் திரும்பினேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இந்தப் பக்கம் இல்லக்கா. வலது பக்கம்."

"வீடு அங்கடி இருக்கு!"

"வீடு அங்கதான். அவ படத்துல எல்லாம் திருப்பி இருக்கும். அவளுக்கு இடம் வலம் இன்னும் படியலை. நேத்துதான் பின்பக்கம் குறிச்சு வெச்சேன், அடுத்த வாரம் தனியா உட்கார வெச்சுச் சொல்லித் தரணும்னு." மூச்சு வாங்கியது. "தாளைப் பார்த்து நடன்னு நான்தானே சொல்லிக்கொடுத்தேன். அவ தாளைப் பார்த்துத்தான் நடப்பா. சொன்னபடி செய்யிற பிள்ளைக்கா அது."

வலது பக்கம் போனோம். எனக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியும். முதல் தெரு தாண்டி இரண்டாவது தெருவில் இடது பக்கம் திரும்பினால் லாரிகள் நிற்கும் பெரிய மைதானம். காலையிலிருந்து மாலைவரை லாரி வருவதும் போவதுமாக இருக்கும். நடைபாதை கிடையாது. ஒரு பட்டறை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து எங்களைப் பார்த்துக் குரைத்தது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள், உள்ளங்கை சொதசொதவென்று ஈரம். திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். "போ, போ" என்று அழுகிற குரலில் நாயிடம் சொல்லிக்கொண்டே அதன் பக்கத்திலேயே நடந்தாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு முறை ஹாரன் அடிக்கும்போதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மைதானத்தின் வாசலுக்கு எதிரே, சாலையின் இந்தப் பக்கம் வந்தபோது பார்த்துவிட்டோம். வரிசையாக நின்ற லாரிகளுக்கு நடுவே பெரிய புத்தகப்பை. அதற்கு மேலே இரண்டு பின்னல். தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு லாரி மெதுவாகப் பின்பக்கம் வந்துகொண்டிருந்தது.

கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று எத்தனையோ முறை சும்மா சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எப்படியிருக்கும் என்று தெரிந்தது. சாலை ஓரத்தில் மரமாக நின்றேன்.

அவள் ஓடினாள். சாலையை இரண்டு பக்கமும் பார்க்காமல் ஓடினாள். லாரியின் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு கையாலும் படபடவென்று அறைந்துகொண்டே, "நிறுத்து! நிறுத்துப்பா! பிள்ளை! பிள்ளை!" என்று அலறினாள். லாரி குலுங்கி நின்றது. சக்கரத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு பெஞ்சு போடுகிற அளவு இடம்தான் இருந்தது.

இரட்டைப் பின்னல்காரி தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். "டீச்சர், எங்க வீடு இங்கதான் இருக்கணும். காணோம்" என்றாள்.

நடுக்கம் டீச்சர் மண்ணிலேயே உட்கார்ந்து, அவளை மடியில் இழுத்துப் போட்டு, இரண்டு கை விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பத்து வந்தது. மறுபடியும் எண்ணினாள்.

சாயங்காலம் பெரிய டீச்சர் அறையில் அப்பா வந்து உட்கார்ந்திருந்தார். கையில் கிரீஸ் அழுக்கு காயவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கத்தியிருந்தால் தேவலாம்.

"பாப்பா நேத்தே சொல்லிச்சுங்க, நாளைக்கு அரை நாள்னு. நான்தான் லெட்டரைக் காட்டி, டீச்சர் எழுதினா எழுதினதுதான், நீ சரியாக் கேட்கலைன்னு அதட்டினேன்" என்றார். முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெரிய டீச்சர் கேட்டார்: "கடிதத்தை யார் எழுதினது?"

"நான்தான் எழுதினேன் டீச்சர்."

"யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டது?"

ஃபைல் அவள் மடியில் இருந்தது. திறந்து காட்டினால் முடிந்தது கதை. அவள் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பதில் தெரிந்தும் கை தூக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி, அவசரமில்லாமல் பார்த்தாள். ஓய்வு பெற எனக்கு இன்னும் இரண்டு வருடம். அது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. நான் மேஜைக்காலைப் பார்த்தேன்.

"யாரும் பார்க்கலை டீச்சர். அவசரத்துல நானே அனுப்பிட்டேன்" என்றாள்.

மறுநாள் பெற்றோர் வந்து படங்களைப் பார்ப்பதாக இருந்ததை ரத்து செய்தார்கள். விசாரணை முடியும்வரை அவளுக்கு வகுப்பு கிடையாது, ஆபீசில் உட்கார்ந்து காகிதம் அடுக்க வேண்டும். வகுப்பு திரும்பக் கிடைக்காமலே போகலாம் என்றும் சொன்னார்கள். என் மூன்றாம் வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, திங்கள்முதல் இரண்டாம் வகுப்புக்கு என்னைப் போகச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும், "ஏண்டி அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். கேட்க எனக்கு வெட்கமாக இல்லை பாருங்கள்.

"நீங்க சொல்லுவீங்கன்னு கொஞ்ச நேரம் பார்த்தேன்க்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து நிறுத்தத்துக்குப் போகும்போது தெரு முனையில் நின்று திரும்பி, பள்ளிக் கேட்டைப் பூட்டிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த மூன்று நாளும் நான் தூங்கவில்லை. பிள்ளையை நினைத்து என்று சொன்னால் பொய். அந்த ஃபைலை நினைத்துத்தான். அவள் மனம் மாறிக் காட்டிவிடுவாளோ, யாராவது தற்செயலாகத் திறந்துவிடுவார்களோ என்று. அந்தத் தாளை அவள் கிழித்துப் போட்டிருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். பயம் ஒரு மனுஷியை எவ்வளவு கேவலமாக யோசிக்க வைக்கும் என்பதை என்னிடம் கேளுங்கள்.

திங்கட்கிழமை இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்தேன். இருபத்தெட்டு முகமும் என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தன. இரட்டைப் பின்னல்காரி எழுந்தாள்.

"எங்க டீச்சர் எங்கே?"

"ஆபீஸ்ல இருக்காங்க. உட்காரு."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேட்டை செய்கிற பிள்ளையைத்தான் எங்கள் பள்ளியில் ஆபீசுக்கு அனுப்புவோம். அது எனக்கு உறைக்குமுன் அவள் கேட்டுவிட்டாள்.

"எங்க டீச்சர் என்ன தப்பு பண்ணாங்க?"

வருகைப் பதிவேட்டைப் பிரித்தேன். எழுத்து ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. "அவங்க ஒண்ணும் பண்ணலை" என்று வாயில் வந்துவிட்டது.

"அப்ப யார் பண்ணாங்க?"

அந்தப் பிள்ளை நின்றுகொண்டே இருந்தது. லாரிக்குப் பின்னால் நின்ற அதே பிள்ளை.

"நான்தான் பண்ணேன்" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். திட்டுகிற குரல் இல்லை, சந்தேகம் கேட்கிற குரல்தான்.

"அப்ப நீங்கதானே ஆபீசுக்குப் போகணும்?"

பக்கத்து அறை டீச்சரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஆபீசுக்கு இறங்கிப் போனேன்.