கட்டில் கால்மாட்டில் இரண்டு செங்கல்

போன வாரம் நான் கேட்டுக்கொண்டபடி என் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கற்களை முட்டுக்கொடுத்து வைத்தான் என் மகன். "எதுக்கும்மா இது?" என்றான். பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் ஆமத்தூர் அத்தை வீட்டுக் கயிற்றுக் கட்டில் கண்முன் வந்துவிட்டது. அதன் கால்மாட்டிலும் இரண்டு செங்கல் இருந்தன. வைத்தவர் மாமா. வைக்கச் சொன்னவள் நான். எதற்கென்று அவரிடம் பொய் சொன்னவளும் நான்தான்.

அத்தை என் அப்பாவின் தங்கை. ஐந்து பிள்ளை பெற்றவள். கடைசிப் பிள்ளை பிறந்த பதினோராம் நாளே குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனவள் என்று ஊரே மெச்சும். அந்த மெச்சலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் நான் மதுரையில் நர்ஸ் படிப்பில் இருந்தேன். ஒரு பங்குனி விடுமுறையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, என்னை மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "அடி தள்ளிருச்சு தாயி. ரெண்டு வருசமாச்சு. குத்தவச்சா வெளிய வந்துருது. துணிய இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் பருத்திக்காட்டுக்குப் போறேன்."

கர்ப்பப்பை இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தால் டாக்டரம்மா ரப்பர் வளையம் வைப்பார், அதற்கும் மேல் ஆனால் ஆபரேஷன் இருக்கிறது என்றேன். "அறுக்கவும் வேணாம், ஆரும் பாக்கவும் வேணாம். மாமாவுக்குத் தெரிஞ்சா நான் கெணத்துலதான் விழணும்" என்றாள். சரி, படித்ததைச் சொல்லிக்கொடுப்போம் என்று இறங்கினேன். பாரம் தூக்கக் கூடாது. வெளிக்கு இருக்கும்போது முக்கக் கூடாது. கீரையும் தண்ணீரும் நிறைய எடுக்க வேண்டும். மல்லாந்து படுத்து, மூத்திரத்தை அடக்குவது போல இறுக்கிப் பிடித்து, பிறகு தளர்த்த வேண்டும், தினமும் மூன்று வேளை. கட்டிலின் கால்மாடு உயர்ந்தே இருக்க வேண்டும். மாமாவிடம் மட்டும், "அத்தைக்கு இடுப்புப் பிடிப்பு" என்றேன்.

மாமா உடனே எழுந்து போய், தானியக் குதிருக்கு அண்டை கொடுத்திருந்த செங்கல்லை உருவி வந்து கட்டிலுக்கு வைத்தார். மறுநாளிலிருந்து கிணற்றடியில் பெண்களுக்கு நடுவே நின்று அவரே தண்ணீர் இறைத்துச் சுமந்தார். மீசை வைத்த ஆள் குடம் தூக்குகிறார் என்று ஊர் சிரித்தது. "சிரிக்கட்டும். பல்லு சுளுக்காதுல்ல" என்று அவர் போய்க்கொண்டே இருந்தார். கட்டிலுக்கு மேலே, சிவகாசி அச்சாபீஸில் வண்ணம் விலகிப்போனதென்று கழித்த காலண்டர் ஒன்று தொங்கியது. ஒவ்வொரு நாளும் பயிற்சி முடித்ததும் அத்தை அதில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவாள்.

ஆடி பிறந்ததும் போனேன். அத்தை குத்தவைத்து உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்! "உள்ளயே நிக்குது தாயி" என்று காதோடு சொல்லிச் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. காலண்டரில் ஆடிக் கடைசி வெள்ளியில் மட்டும் மஞ்சள் தடவியிருந்தது. ஏதோ விசேஷம் என்று நினைத்தேன். கர்வத்தில் இருந்தவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

குணமானால் அந்த ஆடிக் கடைசி வெள்ளியில் இருக்கன்குடி மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று அத்தை நேர்ந்திருந்தாள். பிடிப்புத்தான் விட்டுவிட்டதே என்று மாமாவும் தடுக்கவில்லை. விரதமிருந்து, வெறுங்காலில் அத்தனை தூரம் நடந்து, கனலும் சட்டியைக் கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றியிருக்கிறாள். திரும்பும் வழியில் முழுவதும் இறங்கிவிட்டது. தள்ளியும் உள்ளே போகவில்லை. மூத்திரம் கட்டிக்கொண்டது. அதையும் யாரிடமும் சொல்லாமல் மூன்று நாள் சுருண்டு கிடந்திருக்கிறாள். காய்ச்சலில் நினைவு தப்பிய பிறகுதான் மாமா விருதுநகருக்கு வண்டி கட்டினார். நான் போய்ச் சேர்ந்த அன்றே அத்தை போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி நடையில் டாக்டர் சொல்லித்தான் மாமாவுக்கு எல்லாம் தெரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இடுப்புப் பிடிப்புன்னுதான தாயி சொன்ன? ஒரு வார்த்த நெசத்தச் சொல்லியிருந்தா அந்தச் சட்டிய நான் எடுத்திருப்பேன்ல?" என்றார். பெண்டாட்டிக்காகப் புருஷன் நேர்த்திக்கடன் செலுத்துவது எங்கள் பக்கம் உள்ள வழக்கம்தான். கிணற்றடிச் சிரிப்புக்கு அசராத மனிதரைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் எதற்குப் பயந்தோம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதன்பிறகு அவர் அந்தக் கட்டிலில்தான் படுத்தார். செங்கல்லை எடுக்க விடவில்லை.

மகன் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்குப்பா. அதுக்குத்தான்" என்றேன். "சரிம்மா. இனிமே தண்ணிக் குடத்தை நீ தொடாதே" என்றவன், குனிந்து செங்கல் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தான். அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன். அவன் வெளியே போனதும், உயர்ந்து நின்ற அந்தக் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு அத்தைக்காக அழுதேன்.