தேர் நாளில் மைக்கில் வந்த சிரிப்பு

நான் பேசி ஊரே கேட்டது ஒரே ஒரு நாள்தான். எழுபதுகளின் கடைசியில், ஒரு கார்த்திகை மாதம், தேர் அன்றைக்கு. அதிலும் பாதிதான் பேச்சு, மீதி சிரிப்பு. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று என் மனைவிக்குக்கூட இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

எனக்கு அப்போது பதினாறு வயது, எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறேன். திருவிழா வந்தால் எங்கள் பள்ளிச் சாரணர் படைக்கு ஊரில் வேலை கொடுப்பார்கள். தண்ணீர்ப் பந்தலில் நிற்பது, செருப்புக்குக் காவல், கூட்டத்தில் கயிறு பிடிப்பது. எனக்கு மட்டும் மைக். “இவன் பிரேயர்ல வாயத் தொறந்தா ரோட்டுல போற மாடு திரும்பிப் பாக்கும்” என்பார் எங்கள் டிரில் மாஸ்டர். அந்த ஒரு தகுதியில், காணாமல் போனவர்களை அறிவிக்கிற கீற்றுப் பந்தல் என் கைக்கு வந்தது.

துணைக்கு என் வகுப்புத் தோழன். அவனுக்கு அச்சடித்த மாதிரி கையெழுத்து. வருகிறவர்கள் சொல்லச் சொல்ல அவன் துண்டுச்சீட்டில் எழுதுவான், நான் படிப்பேன். “சீட்டுல இருக்கிறத மட்டும் படி. சொந்தச் சரக்கு வேணாம்” என்று மாஸ்டர் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மாட வீதி நாலிலும் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அதில் ஒன்று என் அப்பாவின் தையல் கடைக்கு நேர் எதிரே. அளவு கொடுக்க வந்தவர், துணி வாங்க வந்தவர், சும்மா வெற்றிலை போட உட்கார்ந்தவர் எல்லோரிடமும் “இன்னிக்கு மைக்ல நம்ம பையன்” என்று அப்பா சொல்லியிருக்கிறார். காலையெல்லாம் நான் அவர் மானத்தைக் காப்பாற்றினேன். மதியம்தான் கெடுத்தேன்.

மாஸ்டர் சாப்பிடப் போன நேரம். பந்தலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் வடக்கேயிருந்து வந்த சாமியார்கள் நாலைந்து பேர், மண் குழாயில் கஞ்சாவைப் பற்றவைத்துக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வகுப்பில் அந்த வருஷம் இரண்டே கட்சி. அதை இழுத்துப் பார்த்தவர்கள் ஒரு கட்சி. இழுத்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் இன்னொன்று. நாங்கள் இரண்டாவது கட்சியில் மூத்த உறுப்பினர்கள்.

“அதுக்குப் பேரே சிவமூலிடா. பிரசாதம் மாதிரி” என்றான் தோழன்.

“பிரசாதம்னா உங்கப்பா கிட்ட சொல்லிட்டு வாங்கிக்கலாமே.”

“உனக்கு பயம்னு சொல்லேன்.”

பதினாறு வயதுப் பையனை எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போக அந்த ஒரு வார்த்தை போதும். மரத்தடியில் ஒரு கிழவர் எங்கள் காக்கி டிரவுசரைப் பார்த்துக் கையை வீசி விரட்டினார். பக்கத்திலிருந்த இளவட்டம் சிரித்துக்கொண்டே குழாயை நீட்டியது. ஆளுக்கு இரண்டு இழுப்பு. மிளகாயை அடுப்பில் போட்ட மாதிரி தொண்டை எரிந்தது. இருமி இருமிக் கண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

“ஏறுச்சாடா?”

“இல்ல. உனக்கு?”

“எனக்கும் இல்ல. ஏமாத்திட்டாங்கடா.”

“காசே குடுக்கலியேடா, எப்பிடி ஏமாத்துவாங்க?”

இது உலகத்திலேயே பெரிய ஹாஸ்யமாக எங்களுக்குப் பட்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்து, ஏறவில்லை என்பதை இன்னொரு தடவை உறுதி செய்துகொண்டு, பந்தலுக்குத் திரும்பினோம்.

உட்கார்ந்ததும் கம்பத்து ஸ்பீக்கரைப் பார்த்தேன். பெரிய பூசணிப்பூ ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் வந்தவர் குடையைத் தொலைத்தவர். சீட்டை வாங்கினேன். “கறுப்புக் குடையே, நீ எங்கிருந்தாலும் உடனே பந்தலுக்கு வரவும். உன் முதலாளி வெயிலில் நிற்கிறார்” என்றேன். வெளியே கூட்டம் கொல்லென்றது. அடுத்து, மனைவியைக் கூட்டத்தில் விட்டுவிட்ட ஒரு பெரியவர். “நல்ல நிலையில் கணவர் ஒருவர் கண்டெடுக்கப்பட்டுள்ளார். உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்.” அந்த அம்மாள் எங்கிருந்தோ வந்து, “யார்ரா அவன், எம் புருஷன ஏலம் போடறவன்?” என்று கேட்டு, தானும் சிரித்து, அவரை இழுத்துக்கொண்டு போனாள். ஜனங்கள் கைதட்டினார்கள். என் உடம்பில் எடையே இல்லை. தோழனோ பேனாவைச் செங்குத்தாக நிறுத்தி, அது விழுகிற ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். போளூர் பக்கத்துக் கிராமம். இருபத்தைந்து வயது இருக்கலாம். பெரிய தேர் அசைந்ததும் கூட்டம் அப்படியே பின்னால் தள்ள, கையைப் பிடித்திருந்த நாலு வயதுப் பையன் நழுவிவிட்டான். பெரிய தேரின் சக்கரம் ஆள் உயரத்துக்கு மேல். அதை நினைத்துத்தான் அவள் குரல் நடுங்கியது. தோழனிடம் எல்லாம் சொன்னாள். அவன் தலையை ஆட்டி ஆட்டி எழுதி, சீட்டை என்னிடம் தள்ளினான்.

சீட்டைப் பார்க்காமலே, காதில் விழுந்ததை வைத்து மைக்கில் சொன்னேன்: “நாலு வயதுப் பையன். மொட்டை அடித்து, சந்தனம் பூசியிருக்கும்.”

தேர் நாளில் எங்கள் ஊரில் இரண்டு பிள்ளைக்கு ஒன்று மொட்டை. மொட்டை என்றால் சந்தனம். ஜனங்களுக்கு நல்ல மனசு வேறு. பத்தே நிமிஷத்தில் பந்தலில் ஏழு மொட்டைகள். ஒருத்தர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார், ஒருத்தர் தோளில். “இந்தா, இவந்தானா பாரு.” “இவன் பேரு கேட்டா பொரி வேணும்ங்கறான்.” பின்னாலேயே பெற்றவர்கள் ஓடி வந்தார்கள். “யோவ், எம் புள்ளய எங்கய்யா தூக்கினு போற?” ஏழும் ஒரே சுருதியில் அழுதன. வரிசையாக மஞ்சள் தலைகள், வெயிலில் பளபளவென்று, மளிகைக் கடை எலுமிச்சம்பழக் கூடை மாதிரி.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சீட்டில் வேறு ஏதாவது அடையாளம் இருக்கும், படித்துத் தொலைப்போம் என்று குனிந்தேன். சீட்டில் ஒரு எழுத்து இல்லை. ஒரு வட்டம். அதில் இரண்டு கண், ஒரு மூக்கு, சிரிக்கிற வாய். மேலே சந்தனத்துக்குப் புள்ளி புள்ளியாக வைத்திருந்தான்.

அவ்வளவுதான். மைக்கைப் பிடித்தபடியே சரிந்துவிட்டேன். அணைக்கவேண்டும் என்ற நினைப்பே இல்லை. என் சிரிப்பு நாலு மாட வீதியிலும் ஓடியது.

அந்தப் பெண் ஏழு முகத்தையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“கெடச்சிட்டானா தம்பி?” என்றாள். “எங்க கீறான்?”

இப்படிச் சிரிக்கிறவனிடம் நல்ல சேதிதானே இருக்கவேண்டும்? அவளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, என்னோடு சேர்ந்து சிரித்தாள். “எங்கப்பா கீறான்? யாரு தூக்கினு வராங்க?”

என் சிரிப்பை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. அதுதான் அந்தப் புகையின் கொடுமை. மனசு நின்றுவிட்டது, வாய் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. கையால் இல்லை இல்லை என்று ஆட்டினேன். வாய் சிரித்தது. அவள் எதை நம்புவாள்?

“இல்லம்மா... இன்னும் கெடைக்கல” என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை சிரித்தேன்.

அவள் சிரிப்பு எப்படி இறங்கியது என்பதை நான் எழுதப்போவதில்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை. மைக்கை என் கையிலிருந்து பிடுங்கினாள். அதில் எப்படிப் பேசவேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் தெருவில் விளையாடுகிறவனைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டாள்.

“டேய் கண்ணு! அம்மா கீறேன்டா. எங்கடா கீற? அம்மா அடிக்க மாட்டேன் வாடா. பொரி வாங்கி வெச்சிகீறேன். நின்ன எடத்துலயே நில்லு, அழுவாத. டேய் கண்ணு!”

திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பந்தலில் ஏழு மொட்டைகளும் அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தன. என் வாயும் ஒருவழியாக மூடிக்கொண்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு அன்றைக்குக் கடிகாரமே ஓடவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் அப்பா வந்தார். கழுத்தில் அளவு டேப். தோளில் ஒரு மொட்டை. என் சிரிப்பைக் கேட்டு என் தோலை உரிக்கத்தான் கடையை விட்டுக் கிளம்பியிருக்கிறார். படி இறங்கினால், எதிரே ஸ்பீக்கர் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பொடியன். மேலே பூசணிப்பூவைக் காட்டி, “எங்கம்மா இதுக்குள்ள கீது” என்று கத்திக்கொண்டிருந்தானாம். கம்பத்தை விட்டு அவனைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததாம்.

அவள் முதலில் அவனுக்கு முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் தூக்கிக்கொண்டாள். அப்புறம் என்னிடம் வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“கண்ணெல்லாம் செவந்து கீது. காலையிலேர்ந்து சாப்புடலியா தம்பி? பசி மயக்கத்துல சிலருக்குச் சிரிப்பு வரும்” என்று முந்தானையை அவிழ்த்து இரண்டு கை நிறையப் பொரி கொடுத்தாள். மேஜையில் கிடந்த சீட்டைப் பார்த்தவள் அதை எடுத்து மகன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். “ஐய, அச்சு அசல் இவனேதான்” என்றாள். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். தோழன் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்து அழுதான்.

அப்பா பக்கத்தில் வந்து என் சட்டைக் காலரை மோந்து பார்த்தார். துணியைத் தொட்டே ஆள் வேலையைச் சொல்கிறவர், அவருக்குத் தெரியாதா? அதற்குள் சாப்பிட்டுத் திரும்பியிருந்த மாஸ்டரிடம் மைக்கை ஒப்படைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். கடை வாசலில்தான் வாயைத் திறந்தார்.

“நீ சிரிச்சத வுடு. அந்தம்மா சிரிச்சுது பாரு, அதுவும் இந்தக் குழாய்ல கேட்டுது. புள்ள கெடச்சிட்டான்னு கடையில இருந்தவங்க எல்லாரும் கையத் தட்டினாங்க. நானும் தட்டினேன்.”

உள்ளே போய் மிஷினில் உட்கார்ந்தார். கம்பத்தில் மாஸ்டர் குரல் யாருடைய செருப்பையோ அறிவித்துக்கொண்டிருந்தது. என் கையில் பொரி அப்படியே இருந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு பசி எனக்கு வந்ததே இல்லை. ஆனாலும் அதில் ஒரு பருக்கையைக்கூட வாயில் போட முடியவில்லை.